பாதி கேஸ் உள்ளே, பாதி கையில்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் நான் உறுப்பினராக இருக்கும் சுடுதளம். லேசான குளிர், காற்று இல்லை, எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. என் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைபிளில் பதினான்காவது தோட்டாவைச் சுட்டுவிட்டு போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் மூடிப் பூட்டும் உருளையை, இழுத்தேன். வெளியே வந்து மேசையில் விழுந்தது முழு கேஸ் (தோட்டாவின் பித்தளை உறை) இல்லை, அதன் அடி மட்டும். சுண்டுவிரல் நகம் உயரத்துக்கு ஒரு பித்தளைக் கிண்ணம் போல இருந்தது, ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி வட்டமாக, சுத்தமாக.

சுடும்போது சத்தத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கன்னத்தில் யாரோ ஊதியது போல ஒரு மெல்லிய காற்று பட்டது, அவ்வளவுதான், குண்டுகூட அட்டையில் போக வேண்டிய இடத்தில்தான் போயிருந்தது. அதனால் நான் மேசையைச் சரியாகப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றினேன், அது முக்கால்வாசி போய் நின்றது, சரி ஏதோ தூசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அவர் என் போல்ட்டைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த அந்தப் பித்தளைத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேஸின் மீதி முன்பக்கம் முழுவதும் சேம்பருக்குள், அதாவது குழாயில் தோட்டா உட்காரும் அறைக்குள், ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பையில் அதற்கென்றே ஒரு கருவி இருந்தது. தோட்டா வடிவில் ஒரு எஃகுத் துண்டு. உள்ளே விட்டு போல்ட்டை மூடித் திறந்தால், அது உடைந்த கேஸின் கழுத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு வந்துவிடும். பிரிட்டிஷ் ராணுவமே 303-க்கு (லீ-என்ஃபீல்டு சுடும் தோட்டா ரகம், அந்தத் துப்பாக்கியையும் அப்படியே அழைப்பார்கள்) இப்படி ஒரு கருவியைச் செய்து கொடுத்திருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ராணுவமே கருவி செய்து கொடுக்கிறது என்றால் இது எவ்வளவு பழைய சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடமாக இதே வேலையாக இருக்கிறேன். படித்தது, அளந்தது, அறுத்துப் பார்த்தது எல்லாவற்றையும் தமிழில் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உரிமத்தோடு சுடும் நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் ரீலோடிங் செய்பவர்களும், அதாவது சுட்ட கேஸையே மறுபடி நிரப்பிச் சுடுபவர்களும், இருக்கிறார்கள். இது அவர்களுக்காக. இந்தியாவில் 303 தனியாருக்கு அனுமதியில்லாத ரகம், அங்கே இது வெறும் படிப்புதான்.

303 என்றால் நம்மூரில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. காவல் நிலைய வாசலிலும் கருவூல வாசலிலும் அந்த மரக்கட்டை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். திருநெல்வேலியில் கல்லூரி படிக்கும்போது என்சிசி அணிவகுப்பில் சுட முடியாதபடி ஆக்கப்பட்ட பழைய 303-ஐத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன். இங்கே வந்த பிறகு, நான் இருக்கும் மிசிசாகாவில் ஏரிக்கரையை ஒட்டி ஆர்சனல் லேண்ட்ஸ் என்றொரு பூங்கா இருப்பதையும், இரண்டாம் உலகப்போரில் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை அங்கேதான் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நம்பர் 4 ரைபிள்களைச் செய்தது என்பதையும் தெரிந்துகொண்டதும், அங்கே செய்த ஒன்றை வாங்காமல் இருக்க முடியவில்லை. என்னுடையது 1943-இல் செய்தது. இவ்வளவு காலம் கழித்தும் போல்ட் வழவழவென்று ஓடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சுடாமல் மிச்சமிருந்த 26 தோட்டாக்களையும் பிரித்துக் குண்டையும் வெடிமருந்தையும் எடுத்துவிட்டேன். மொத்தம் 40 கேஸ், எல்லாம் ஒரே நாளில் வாங்கிய ஒரே தொகுதி, மூன்று முறை ரீலோடு செய்தவை. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கி போல வளைத்துக் கூராக்கி, கேஸின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல் நோக்கிச் சுவரை உரசியபடி இழுக்க வேண்டும். நல்ல கேஸில் நுனி வழுக்கிக்கொண்டே வரும். கெட்டுப்போன கேஸில் அடிக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து சிக்கும், விரலுக்கு நன்றாகவே தெரியும். மீதி 39-இல் 31 சிக்கின. ஒன்றை இரும்பறுக்கும் ரம்பத்தால் நெடுக்காக அறுத்தேன். அடி தடிமனாக இருக்கிறது, மேலே சுவர் ஒழுங்காக இருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் உள்பக்கம் சுற்றிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அந்த இடத்தில் பித்தளை காகிதம் மாதிரி இருந்தது. அதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது, ஏனென்றால் இதே போன்ற ஒன்றுக்குப் பின்னால்தான் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு வரை போகக்கூடிய அழுத்தம் இருக்கும்போது என் கன்னத்தை வைத்திருந்தேன்.

வெளியிலும் அடையாளம் உண்டு. அடிக்குச் சற்று மேலே கேஸைச் சுற்றி மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று தெரியும். ஆனால் டை (சுட்ட கேஸை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) உரசிய கோடும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழுவதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. கிளிப்பை நம்புங்கள்.

ஏன் சரியாக அந்த இடத்தில்? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

303 கேஸின் அடியில் வெளியே துருத்திக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளும்போது அந்த விளிம்பு சேம்பரின் வாயில் இடித்து நிற்கிறது, அதற்கு மேல் உள்ளே போகாது. போல்ட்டின் முகத்துக்கும் விளிம்பு இடிக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். நம்பர் 4-க்கு ராணுவம் அனுமதித்த அளவு 0.064 அங்குலத்திலிருந்து 0.074 அங்குலம் வரை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை இங்கே ‘தௌ’ என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்: 64 தௌ முதல் 74 தௌ வரை. விளிம்பின் தடிமன் அதிகபட்சம் 64 தௌ. ஆனால் கடையில் வாங்கும் பித்தளையில் அது 58-60 தௌ இருப்பதும் உண்டு, என்னுடைய அந்தத் தொகுதி 58. என் ரைபிளின் ஹெட்ஸ்பேஸ் 70. ஆக, போல்ட்டை மூடியதும் கேஸின் முதுகுக்குப் பின்னால் 12 தௌ காலி இடம். மில்லிமீட்டரில் 0.3. எவ்வளவு சின்ன இடம் என்றுதான் முதலில் தோன்றும்.

விசையை இழுத்ததும் ஊசி, கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரை அடித்து, கேஸையே முன்னால் தள்ளி, விளிம்பு இடிக்கும் வரை கொண்டு போகிறது. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது, முதலில் விரிவது கேஸின் மெல்லிய முன்பகுதி. அது சேம்பர் சுவரை அப்படியே கவ்விக்கொள்கிறது. தடிமனான அடி விரிவதில்லை, கவ்வுவதும் இல்லை. அழுத்தம் இன்னும் ஏறும்போது அந்த அடி பின்னால் போகப் பார்க்கிறது, பின்னால்தான் 12 தௌ இடம் இருக்கிறதே. முன்பாதி சுவரைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது, பின்பாதி போல்ட்டை நோக்கிப் போகிறது. நடுவில் மாட்டிக்கொண்டது எது? தடிமன் முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் அந்த இடம். அது இழுபடுகிறது. மிட்டாய்ப் பாகை இரண்டு கையாலும் இழுத்தால் நடுவில் மெலிவது போல.

லீ-என்ஃபீல்டில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. போல்ட்டைப் பூட்டும் கொண்டிகள் முன்னால் இல்லை, பின்னால் இருக்கின்றன. சுடும் நொடியில் போல்ட் முழு நீளத்துக்கும் கொஞ்சம் அமுங்குகிறது, சட்டமும் கொஞ்சம் நீள்கிறது. அதாவது காலி இடம் அந்த நொடியில் இன்னும் கூடுகிறது. துப்பாக்கியில் இது குறை ஒன்றும் இல்லை. பின்னால் பூட்டுவதால்தான் அந்த போல்ட் அவ்வளவு வேகமாக ஓடுகிறது. ரீலோடிங் செய்பவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவும் ஒரு முறை நடந்தால் கேஸ் தாங்கும். புது கேஸ் எல்லாவற்றுக்கும் இது கொஞ்சமாவது நடக்கத்தான் செய்கிறது. கெடுப்பது அதற்கு அடுத்து நாம் செய்யும் வேலை, கெடுத்ததும் நான்தான்.

303-இன் ராணுவ சேம்பர்கள் தாராளமாக வெட்டப்பட்டவை. முக்கியமாகத் தோள் பகுதி, அதாவது கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் இடம், தோட்டாவின் தோளுக்கு நல்ல தூரம் முன்னால் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி. முதல் உலகப்போரில் கனடியப் படை கொண்டுபோன ராஸ் ரைபிளின் கதை இங்கே சுடுபவர்கள் எல்லோருக்கும் தெரியும். இலக்குச் சுடுதலுக்கு அருமையான துப்பாக்கி, இறுக்கமான சேம்பர். 1915-இல் ஈப்பர் சண்டையில் சேறும், அளவு சற்றுப் பிசகிய தோட்டாக்களும் சேர்ந்து போல்ட்டை இறுக்கிப் பிடித்துவிட, சண்டையில் பிழைத்தவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ராஸை எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ராஸ் மாற்றப்பட்டது. பதுங்குகுழியில் எந்தத் தோட்டாவும் உள்ளே போக வேண்டும், சுட்ட கேஸ் வெளியே வந்தால் போதும், அதை யாரும் திரும்ப நிரப்பப் போவதில்லை. லீ-என்ஃபீல்டு உங்களுக்காகவும் எனக்காகவும் செய்யப்பட்டதில்லை.

அதனால் முதல் முறை சுடும்போது தோள் வெகுவாக முன்னால் போய் சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. என் ரைபிளில் இது 24 தௌ. இப்போது அந்த கேஸ் என் சேம்பருக்கு அச்செடுத்தது போல இருக்கிறது. நான் என்ன செய்தேன்? டையோடு வந்த காகிதத்தில் சொல்லியிருந்தபடி, டை, கேஸைத் தாங்கும் அடித்தட்டில் இடிக்கும் வரை திருகி, முழு நீள அளவாக்கம் செய்தேன், அதாவது கழுத்து, தோள், உடம்பு எல்லாவற்றையும் அமுக்கினேன். டை அந்தத் தோளை 24 தௌ-வும் பின்னால் தள்ளிவிட்டது. அடுத்த முறை சுடும்போது மறுபடி முன்னால் போக இடம், பின்னால் போக இடம், நடுவில் மறுபடி இழுப்பு. மூன்று முறை இப்படிச் செய்தேன், நான்காவது முறை சுட்டபோது கிழிந்தது. துப்பாக்கி மேல் தப்பில்லை, பித்தளை மேலும் பெரிய தப்பில்லை. ஒவ்வொரு முறையும் கேஸைப் பழைய சின்ன அளவுக்குத் திருப்பிக் கொண்டுபோய், மறுபடி இழுபட வைத்தது நான்.

கழுத்து நீண்டுகொண்டே போனதும் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டிய அடையாளம். 303 கேஸின் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வாய் சேம்பரின் முனையில் இடித்துக் குண்டை நெரித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். அதனால் 2.212-க்கு நறுக்குவோம். ஒவ்வொரு முறையும் நறுக்கினேன், சுருள் சுருளாகப் பித்தளை வந்தது, ஒழுங்காக வேலை செய்கிறோம் என்று திருப்தியாகவும் இருந்தது. அந்தப் பித்தளை எங்கிருந்து வருகிறது என்று ஒரு முறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு தொகுதி அடிக்கடி நறுக்கச் சொல்லிக் கேட்கிறது என்றால் கிளிப்பை எடுத்து அடியைப் பாருங்கள்.

இப்போது நான் செய்வது இதுதான். விளிம்பின் வேலை முதல் முறையோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு கேஸ் சேம்பருக்குள் தோளில்தான் உட்கார வேண்டும், விளிம்பில் இல்லை. விளிம்பு இழுத்து வெளியே எடுக்க ஒரு பிடி, அவ்வளவே.

தோளில் உட்கார வைக்க வேண்டுமானால் தோளைத் தொடக் கூடாது. கழுத்தை மட்டும் அளவாக்கும் டை இருக்கிறது, நான் லீ கம்பெனியின் காலட் டையைப் பயன்படுத்துகிறேன், அது நடுவில் ஒரு கம்பியை வைத்துக் கழுத்தைச் சுற்றிலும் அமுக்குகிறது, தோளுக்கும் உடம்புக்கும் ஒன்றும் செய்வதில்லை. மசகு தடவ வேண்டியதும் இல்லை. இப்படிச் செய்த கேஸ் அதே துப்பாக்கிக்கு மட்டும்தான், நண்பரின் 303-இல் அது ஏறாமல் போகலாம், அதனால் பெட்டியில் துப்பாக்கி எண்ணை எழுதி வைக்கிறேன். சில முறை சுட்ட பிறகு போல்ட் மூடுவது கடினமாகத் தொடங்கும். பின்னால் பூட்டும் துப்பாக்கியில், அதுவும் கனமாக நிரப்பினால், இது சீக்கிரமே வரும். அப்போது முழு நீள டையை எடுத்து, அடித்தட்டில் இடிக்காமல் ஒரு இடைவெளி விட்டு, தோள் 2 தௌ மட்டும் பின்னால் போகும்படி அமைக்கிறேன். எவ்வளவு போகிறது என்று அளக்கத் தோளில் பொருந்தும் சின்னக் கருவி கிடைக்கிறது, அது இல்லையென்றால் தோளை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டு டையைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகித் திருகி, மை எங்கே அழிகிறது என்று பார்த்து, பிறகு போல்ட்டில் போட்டுப் பார்க்கலாம். போல்ட் மூடும்போது விரலில் ஒரு சிறு தடை தெரிய வேண்டும், கையை வைத்து அழுத்தும்படி இருக்கக் கூடாது.

சரி, புது கேஸை முதல் முறை சுடும்போது நடக்கும் அந்த இழுப்பை என்ன செய்வது? அதற்குத்தான் அந்தப் பெரியவர் எனக்கு ஒரு ரப்பர் வளையம் கொடுத்தார். தண்ணீர்க் குழாய் மூட்டில் போடுவார்களே, அந்த ஓ-ரிங்தான். கேஸின் அடியில், விளிம்புக்கு முன்னால் சற்று இறுக்கமாக ஏறும் அளவு. அதை மாட்டி தோட்டாவை ஒன்றொன்றாகக் கையால் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடினால், ரப்பர் விளிம்புக்கும் சேம்பர் வாய்க்கும் நடுவே அமுங்கி, கேஸைப் பின்னால் போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஊசி அடித்தாலும் கேஸ் முன்னால் ஓடாது. பின்னால் போக இடம் இல்லை, அதனால் அடியில் இழுபட ஒன்றும் இல்லை. விரிவதெல்லாம் முன்னால், தோளில், அங்கே விரிந்தால் நல்லதுதான். சேம்பரில் கேஸ் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்காமல் நடுவில் நிற்கவும் இது உதவுகிறது. மிதமான அளவு மருந்தோடு செய்யுங்கள். ஒரே வளையத்தை நான் ஐந்தாறு முறை பயன்படுத்துகிறேன், நசுங்கிப் பிய்ந்தால் வேறு. இவ்வளவு எளிய, சில்லறைக் காசுப் பொருள் ஒன்று பித்தளையின் ஆயுளை இப்படி மாற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், அளந்து பார்த்த பிறகுதான் நம்பினேன்.

உங்கள் துப்பாக்கியில் காலி இடம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? விலை உயர்ந்த அளவுகோல் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. மருந்தும் குண்டும் இல்லாத கேஸில் ப்ரைமரை மட்டும் வைத்து, சுடுதளத்தில், குழாயை இலக்குத் திசையில் பிடித்துக்கொண்டு சுடுங்கள். கேஸைப் பின்னால் தள்ளும் அழுத்தம் இல்லாததால் ப்ரைமர் மட்டும் பின்னால் வந்து போல்ட் முகத்தில் நிற்கும். அடியிலிருந்து அது எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ அதுதான் அந்த கேஸுக்கும் உங்கள் துப்பாக்கிக்கும் நடுவே உள்ள இடம். எனக்கு 12 தௌ என்று காட்டியது இதுதான். ஆனால் ஹெட்ஸ்பேஸ் ராணுவ எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒரு முறையாவது துப்பாக்கி மெக்கானிக்கிடம் சரியான கேஜ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் வளையமும் டையும் அதற்கு மருந்தில்லை.

நம்பர் 4-இல் போல்ட்டின் தலையைக் கழற்றி மாற்றலாம். 0, 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும், எண் கூடக் கூட நீளம் கூடும், ஹெட்ஸ்பேஸ் குறையும். என் துப்பாக்கியில் இருப்பது 1. கேஸ் கிழிந்ததும் நானும் 3-ஆம் எண் தலையைத் தேடி அலைந்தேன், கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். இன்றைக்கு யாராவது கேட்டால் அந்தப் பணத்தில் நல்ல பித்தளை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். தலையை மாற்றினால் விளிம்புப் பக்கம் சில தௌ குறையும், தோளுக்கு முன்னால் இருக்கும் இடம் அப்படியேதான் இருக்கும், டையைப் பழைய மாதிரி அடித்தட்டில் இடிக்க விட்டால் கேஸ் மறுபடியும் கிழியும்.

பித்தளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எச்எக்ஸ்பி என்று முத்திரை போட்ட கிரேக்க ராணுவக் கேஸ்கள் எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள், என்னிடம் இருப்பவற்றில் விளிம்பு தடிமன் சரியாக இருப்பது அவற்றில்தான். அடுத்து செர்பியாவின் ப்ர்வி பார்டிசான். எதை வாங்கினாலும் கடையிலிருந்து வந்ததும் விளிம்பை அளந்து எழுதி வையுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் கேஸை நான் நிரப்புவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு சின்னத் துளை வைத்த பெர்டான் வகை, ப்ரைமரை எடுப்பதே பெரும்பாடு, அப்புறம் அந்தக் காலத்து ப்ரைமர்கள் சிலவற்றில் பாதரசம் இருந்தது. ஒரு முறை சுட்டதுமே அது பித்தளைக்குள் ஊறி அதை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். பார்வைக்குத் தங்கம் மாதிரி இருக்கும்.

பித்தளை இப்படி வெளியே தெரியாமல் கெடுவதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய கதை இருக்கிறது, இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் மழைக்காலத்தில் வேலைகளைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கேஸ்கள் விரிசல் விட்டிருக்கும், அதிலும் குண்டை இறுக்கிப் பிடித்திருக்கும் கழுத்தில். யாரும் சுடவில்லை, யாரும் தொடவில்லை, தானாக விரிசல். பருவத்தில் வருவதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல்தான் விளக்கப்பட்டது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா. பித்தளையைக் குளிரிலேயே இழுத்து வடிவம் கொடுக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது, அம்மோனியா பட்டதும் அந்த இறுக்கம் விரிசலாகத் திறக்கிறது.

இது இன்றைக்கும் நேராக நம் மேசைக்கு வருகிற விஷயம். பித்தளையைப் பளபளப்பாக்கக் கடையில் விற்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. கேஸை அவற்றால் துடைக்கவே கூடாது. எங்கள் வீட்டில் அம்மா குத்துவிளக்கையும் குடத்தையும் புளி போட்டுத்தான் தேய்ப்பார், அதையே நான் கேஸுக்கும் செய்கிறேன், புளிக் கரைசலில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து நிறையத் தண்ணீரில் அலசிக் காய வைத்துவிடுகிறேன். இங்கே மற்றவர்கள் சிட்ரிக் அமிலத்தில் செய்வதும் இதே வேலைதான். இரவெல்லாம் ஊற வைக்காதீர்கள், பித்தளை இளஞ்சிவப்பாக மாறும், துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிகிறது என்று அர்த்தம்.

கழுத்தில் நெடுக்காக விழும் விரிசல் வேறு விஷயம். அடி கிழிவது இழுப்பால், கழுத்து விரிவது இறுகிப்போவதால். ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் பித்தளை கடினமாகிறது. நான்கைந்து முறைக்கு ஒரு தடவை கழுத்தையும் தோளையும் மட்டும் தீயில் சுழற்றி, சிவக்கும் முன்பே எடுத்துவிட்டால் மறுபடி இளகும். இருட்டில் செய்தால் நிறம் நன்றாகத் தெரியும். அடிக்குச் சூடு போகவே கூடாது, இதில் மட்டும் கைவிரலால் பிடித்துச் செய்வதை நான் நல்ல பழக்கம் என்று நினைக்கிறேன், அடி சூடானால் விரல் சொல்லிவிடும். இளகிப்போன அடியைச் சுட்டால் நடப்பது கன்னத்தில் படும் மெல்லிய காற்றோடு நிற்காது.

மசகு தடவி டையில் போட்ட கேஸைத் துடைத்து உலர்த்தாமல் சுடாதீர்கள், சேம்பரையும் எண்ணெய் இல்லாமல் துடைத்து வையுங்கள். எண்ணெய் இருந்தால் கேஸ் சுவரைப் பிடிக்காது, முழு விசையும் பின்னால் போல்ட்டில் போய் விழும். எண்ணெய் இருந்தால் இழுப்பு குறையும், கேஸுக்கு நல்லது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கேஸைக் காப்பாற்ற எண்பது வயதுப் பூட்டை வருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணாடி போடாமல் சுடுவதைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன்.

30-30, ரஷ்யர்களின் 7.62×54 என்று விளிம்பு வைத்த மற்ற ரைபிள் தோட்டாக்களுக்கும் இதே கணக்குதான். தோள் எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். மருந்தின் அளவு பற்றி இங்கே நான் ஒன்றும் எழுதவில்லை, அதற்கு மருந்து செய்பவர்கள் வெளியிடும் கையேட்டைத் தவிர வேறு யார் சொல்வதையும், என்னுடையது உட்பட, கேட்காதீர்கள்.

நவம்பரில் புதிதாக 20 கேஸ் எடுத்தேன். விளிம்பு அளந்தேன், எல்லாம் 62-க்கு மேல். முதல் முறை வளையத்தோடு சுட்டேன், பிறகு கழுத்து மட்டும். ஒரு நோட்டில் 1 முதல் 20 வரை எண் போட்டு ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் நீளமும் கிளிப் சோதனையும் எழுதுகிறேன். ஆறாவது முறை வரை நறுக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஏழாவதுக்குப் பிறகு 13-ஆம் எண்ணில் மட்டும் கிளிப் நுனி லேசாகத் தயங்கியது, சிக்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. உடனே ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான், இன்னும் இரண்டு மூன்று முறை தாங்கியிருக்கலாம். மீதி 19-ஐயும் நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒன்றொன்றாக மறுபடி உரசிப் பார்த்தேன், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. வரும் சனிக்கிழமைக்கு எட்டாவது முறை நிரப்பி வைத்திருக்கிறேன். உடைந்த கேஸ் எடுக்கும் கருவி ஒன்றும் வாங்கிப் பையில் போட்டாயிற்று.